மதுரைக்குக் கொண்டுபோன கேன்

ஜூலை 14, திங்கள்

காலையிலிருந்து சாரல். செண்பகனூர் முழுக்க மூடுபனி. யூனிபார்ம் சட்டைகளுக்குப் பட்டன் காஜா எடுக்க உட்கார்ந்தேன், முடியவில்லை. வயிறு.

பிரஷர் 130/80. எடை 58. கால் வீக்கம் இல்லை. (தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா.)

வியாழக்கிழமை மதுரையில் ஆறு மாத டெஸ்ட். ஜனவரியில் லூபஸ் என்ற நோய் கிட்னியைப் பிடித்து, கால் இரண்டும் வீங்கிக் கிடந்தேன். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கிட்னியைத் தாக்குகிறதாம். அதை அடக்கத்தான் இத்தனை மாத்திரை. இந்தத் தடவை சிறுநீரில் புரதம் குறையாவிட்டால் ஊசிக்கு மாற வேண்டும்.

இங்கே மட்டும் எழுதுகிறேன். போன வாரம் ஐந்து நாள் சாயங்கால மாத்திரை போடவில்லை. வயிற்றுப்போக்கு, தையல் மெஷினில் பத்து நிமிஷம் உட்கார முடியவில்லை. வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. பயம்.

ஜூலை 16, புதன்

காலை ஆறிலிருந்து நாளை ஆறு வரை சிறுநீர் முழுவதும் கேனில் பிடிக்க வேண்டும். ஐந்து லிட்டர் கேன். தையல் கடைக்கு லீவு.

மதினி வந்தார், இவருடைய அக்கா. "என்ன செல்வி, மூஞ்சி இம்புட்டு உப்பிக் கெடக்கு? அந்த இங்கிலீஷ் மருந்த விட்டுத் தொலை. அடுக்கம் கிராமத்துல ஒருத்தரு வேரு மருந்து குடுக்காராம்."

இவர் காரட் மூட்டை இறக்கிவிட்டு அப்போதுதான் வேனிலிருந்து வந்தார். "அக்கா, ஒஞ் சோலியப் பாத்துட்டுப் போ."

மதினி காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார். ஆனால் தனக்குச் சளி, எனக்கு ஒட்டிவிடக் கூடாது என்று மாஸ்க் போட்டு, வாசலில் நின்றே பேசினார். அதையும் எழுத வேண்டும்.

ஜூலை 17, வியாழன்

ஆறரை பஸ். கேன் துணிப்பையில், என் மடியில். பக்கத்து சீட் அம்மா பையை எட்டிப் பார்த்து, "மலைத்தேனா? லிட்டர் என்ன வெலைம்மா?"

"விக்கிறதுக்கு இல்லைங்க."

இவர் முன்சீட்டில். திரும்பவே இல்லை, தோள் மட்டும் குலுங்குகிறது.

ரிசல்ட் வருவதற்கு முன்பே டாக்டரம்மாவிடம் ஐந்து நாள் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அழுகை வேறு. அவர் திட்டவில்லை. "வயித்தால போனா எனக்கு போன் போடுங்க. நீங்களா நிறுத்தாதீங்க, நோய் திரும்பிரும். வயித்துக்கு ஒத்துக்கிற மாதிரி மாத்தித் தர்றேன்." இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்று மணிக்கு ரிசல்ட்.
புரதம் ஜனவரியில் 4.1 கிராம். இப்போது 0.6!
கிரியேட்டினின் 0.9, நார்மல்.

"மருந்து நல்லா கேக்குது. ஊசி வேண்டாம்." ஸ்டீராய்டு பத்து மில்லிகிராமிலிருந்து ஏழரை. மற்ற மாத்திரை இன்னும் சில வருஷம். இருக்கட்டும். கேண்டீனில் நாலு இட்லி, ஒரு வடை. எத்தனை மாதமாயிற்று இப்படிப் பசித்து.

வத்தலக்குண்டு தாண்டியதும் இவர் என் பக்கத்து சீட்டுக்கு வந்தார். அப்புறம், "அஞ்சு நாளா? நான் என்ன அடிச்சா போட்டுருவேன்?" அவ்வளவுதான். மலை ஏறி முடியும்வரை என் கையை விடவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

நல்ல வெயில். லூபஸுக்கு ஆகாது, முழுக்கைச் சட்டை, குடை. புது மாத்திரைக்கு வயிறு அமைதி. பிரஷர் 120/80.

துணி ஊறவைக்கும்போது இவருடைய பழைய ஸ்வெட்டர் பையில் ஒரு லேப் சீட்டு. இவர் பேர். பிப்ரவரி மாதம். ரத்த வகை.

"என்னங்க இது?"

"அது சும்மா."

விடாமல் கேட்டேன். வேன் சாவியை உருட்டிக்கொண்டே, "கிட்னி போயிருச்சுன்னா யாராச்சும் குடுக்கணும்ல. சேருமான்னு பாத்தேன்."

"சேருமா?"

"ரெண்டு பேருக்கும் ஓ பாசிட்டிவ்" என்று சொல்லிவிட்டு டயரில் காற்றுப் பார்க்கப் போய்விட்டார்.

துணி ஊறிக்கொண்டே இருக்கிறது. இன்னும் அலசவில்லை.