மை ஏறாத சட்டை

நாகூர்
4.8.2024

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மாமியும் நானும் நலம். போனில் பேசும்போது மாமி பக்கத்திலேயே இருக்கிறார்கள், எனக்கென்று ஒன்றும் பேச முடிவதில்லை. அதனால்தான் கடிதம்.

திருவாரூரில் என் ஆராய்ச்சி ஓடுகிறது. நாடித்துடிப்பு பார்க்கக் கையில் கட்டும் கருவிக்கு, வளைந்து கொடுக்கிற பேட்டரி. உமிக்கரியில் மை செய்து, பருத்தித் துணியில் ஏற்றி, அதையே மின்முனையாக வைக்கிறோம். புதுத் துணியில் மை சரியாக ஏறாமல் மடிப்பில் வெடித்துவிடுகிறது. நீங்கள் விட்டுப்போன பழைய சட்டையை வெட்டிப் பார்த்தேன். எத்தனை மடக்கியும் வெடிக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். அதே துணியில் மறுபடி செய்து காட்டச் சொல்கிறார் கைடு. பழைய சட்டை இருந்தால் அனுப்புங்கள். சட்டையோடு ஆளும் வந்தால் இன்னும் நல்லது.

உங்கள்
ஷமீரா


ஷார்ஜா
1.9.2024

அன்பு ஷமீரா,

வ அலைக்குமுஸ்ஸலாம். ஊருக்கு வரும் அப்துல் வஹாப் பாயிடம் அதே துணியில் இரண்டு சட்டை கொடுத்திருக்கிறேன். தாராளமாக வெட்டு. புருஷனை விட்டுவைத்தால் சரி.

எனக்கென்ன, ஏசி அறையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிற வேலை. குளிர்தான் தாங்கவில்லை. தர்கா கந்தூரிக்கு வரப் பார்க்கிறேன், உறுதியில்லை. நீ படிப்பை மட்டும் விட்டுவிடாதே.

யூனுஸ்


நாகூர்
13.10.2024

மச்சானுக்கு,

சட்டைகள் வந்தன. துவைத்துத்தான் கொடுத்திருந்தீர்கள். ஆனாலும் முதுகுத் துணியில் மை ஏறவே இல்லை. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன், இழைக்கு இழை உப்பு. தோள் இரண்டும் வெயிலில் வெளுத்திருந்தன. ஏசி அறையில் இருப்பவருக்கு இப்படியா வியர்க்கும்?

லேபில் எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன். வெந்நீரில் ஊறவைத்தால் உப்புப் போய்விடும் என்கிறாள் கூடப் படிக்கும் பூர்ணிமா. எனக்கு மனம் வரவில்லை. உங்களை இவ்வளவு பக்கத்தில் பார்த்து இரண்டு வருடமாகிறது.

மாமியிடம் சொல்லவில்லை. என்னிடம் உண்மையைச் சொல்லுங்கள். எனக்கு வரும் உதவித்தொகையில் மூன்று பேரும் சாப்பிடலாம். வந்துவிடுங்கள், மச்சான். நீங்கள் இல்லாமல் என்னால் முடியவில்லை.

ஷமீரா


ஷார்ஜா
3.11.2024

ஷமீரா,

கணக்கு வேலை முதல் மாதத்தோடு போய்விட்டது. அதிலிருந்து கட்டடத்தில் கம்பி கட்டுகிறேன். சொன்னால் நீ படிப்பை நிறுத்திவிட்டு ஏதாவது வேலைக்குப் போய்விடுவாய் என்று பயந்தேன். பூர்ணிமா சொன்னபடி ஊறவைத்து வெட்டு.

டிக்கெட் போட்டுவிட்டேன். கந்தூரிக்கு முன்பே திருச்சியில் வந்து இறங்குகிறேன். ஏர்போர்ட் கூட்டத்தில் என்னைத் தேடாதே, நின்ற இடத்திலேயே நில், நானே உன்னிடம் வந்துவிடுகிறேன். ஆள் கறுத்து இளைத்துப் போயிருக்கிறேன். வீடியோவில் பேசும்போதெல்லாம் அறை விளக்கை அணைத்துவைத்தது அதனால்தான்.

யூனுஸ்