மொரீசியஸில் நாங்கள் பறக்கவில்லை

ஹம், ஜேர்மனி, செவ்வாய்

அன்பு மகளே,

நீ பரிசாகத் தந்த ஹெலிகொப்டர் பயணம் எப்படி என்று மூன்று தரம் கேட்டுவிட்டாய். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் கெஞ்சி உர்லாப் லீவு எடுத்து மொரீசியஸ் வரை போயும் நாங்கள் பறக்கவில்லை.

காலையிலிருந்தே உன் அப்பாவுக்கு வெயிலிலும் குறை, சப்பாத்திலும் குறை. ஹெலியின் விசிறி சுற்றத் தொடங்கியதும் என்னைக் கரும்புத் தோட்டத்துக்குள் இழுத்துக்கொண்டு ஓடி, நிலத்தில் தள்ளி, என்மேல் கவிழ்ந்து படுத்துவிட்டார். எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எழும்புங்கோ, இது சுத்திப் பாக்கிற ஹெலி" என்றேன்.

"தெரியும். உடம்புக்குத்தான் விளங்கேல்லை" என்றார்.

ஊரில் சண்டைக் காலத்தில் ஹெலி சுட்டபோது ஓடியவர் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பயம் இன்னும் இருக்கிறதென்று முப்பது வருடத்தில் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பிறகேன் ஹெலி ஏற வந்தீர்கள் என்று கேட்டால், "பிள்ளை ஆசையாத் தந்தது" என்கிறார்.

இனி எதுவும் வாங்குமுன் அவரிடம் கேள். நான் இத்தனை வருடமும் கேட்கவில்லை.

அம்மா