காலை மிஸ்டு கால்

செவ்வாய்க்கிழமை

என் மனைவி சரசு காலமான பிறகு மகன் ஓர் ஏற்பாடு செய்தான். தினமும் காலை ஆறு மணிக்கு நான் அவனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்து, அப்பா எழுந்துவிட்டார் என்று தெரிந்துகொள்வான். எண்பத்தெட்டு வயதில் தனியாக இருக்கிற ஆளுக்கு அது போதும் என்றான். நாலு வருஷமாக ஒரு நாளும் தவறியதில்லை.

இன்றைக்குத் தவறியது. நேற்று ராத்திரி சார்ஜரைச் சொருகிய நான் சுவிட்சைப் போடவில்லை. காலையில் போன் அணைந்து கிடந்தது. சார்ஜ் ஏறும்போது மணி எட்டு. அப்போதாவது கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. பதறிக்கொண்டு வருவானா பார்ப்போம் என்று இருந்துவிட்டேன். நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் இருக்கும் அவன் பனியன் கம்பெனியிலிருந்து இங்கே அரை மணி நேரம்தான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டேன். அவனுக்கும் சேர்த்துச் சோறு வடித்தேன். கதவை உடைக்கிற சிரமம் வேண்டாமென்று தாழ்ப்பாளை நீக்கி வைத்தேன்.

யாரும் வரவில்லை. போனும் அடிக்கவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு நானே கூப்பிட்டேன். அந்தப் பக்கம் மிஷின் சத்தம்.

"சொல்லுங்கப்பா. காலைல உங்க மிஸ்டு கால் பாத்தனுங்க. ஷிப்மென்ட் நேரமுங்க, அதான் திருப்பிக் கூப்பிட முடியல. நல்லாத்தான இருக்கறீங்க?"

"நல்லா இருக்கறன் கண்ணு. நீ வேலையப் பாரு."

மத்தியானச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். பசி இல்லை. சார்ஜரைச் சொருக எழுந்திருக்கவும் தோன்றவில்லை. இனிமேல் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை. அவன் எந்த நாள் வந்தாலும் உடைக்க வேண்டியிருக்காது.