தோற்றவருக்கும் பெஞ்சில் இடம் உண்டு

இன்று காலை விளையாட்டு அறைக் கதவைத் திறந்ததும் முறிவெண்ணெய் வாசம் முகத்தில் மோதியது. எவளோ ஒருத்தி முழங்காலுக்குத் தடவிவிட்டுக் குப்பியை மூடாமல் போயிருக்கிறாள். திட்டத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் உன் நினைப்பு வந்துவிட்டது. பக்கத்தில் வந்து நின்றாலே உன்மேல் இந்த வாசம்தானே அடிக்கும். "நல்லதா ஒரு சென்ட்டு போடப்படாதாட்டீ?" என்று கேட்டால், "இதுதாம்ட்டீ எனக்க சென்ட்டு" என்பாய். உனக்குச் சொல்ல ஒரு பெரிய சேதி வைத்திருக்கிறேன்.

நாம் முதலில் பேசிக்கொண்டது நாகர்கோவிலில், மாவட்ட வாலிபால் இறுதி ஆட்டம் முடிந்த அன்றைக்கு. பூதப்பாண்டியிலிருந்து போன என் பிள்ளைகள், முட்டத்து அணியான உன் பிள்ளைகளைத் தோற்கடித்திருந்தார்கள். அப்போதெல்லாம் பயிற்சியாளர்கள் ஒருவரையொருவர் கண்டால் சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வோம். எந்தப் பெண்ணுக்கு எங்கே வலி என்பதைக்கூட வெளியே விடமாட்டோம். நீயோ நேராக என்னிடம் வந்தாய்.

"மாநிலப் போட்டிக்கு ஒனக்க கூட யாரு வாரா?"

"யாரு வருவா? நான் மட்டுந்தான்."

"அப்பம் நானும் வாரேன். பெஞ்சுல மேனேஜர் இடம் சும்மாத்தானே கெடக்கும்."

உளவு பார்க்க வருகிறாயோ என்று உன்னை ஏற இறங்கப் பார்த்தேன். நீ சிரித்துவிட்டாய். "ஏட்டி, ஒனக்க டீம்ல எங்க ஓட்டைன்னு இன்னைக்கு முழுக்கத் தேடுனது நானாக்கும். எனக்குத் தெரிஞ்சது ஒனக்குத் தெரியாது, கேட்டியா?"

அடுத்த வருஷம் நீ ஜெயித்தாய், நான் உன் பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். பிறகு மற்றவர்களும் அப்படியே செய்யத் தொடங்கினார்கள். மாவட்ட இறுதியில் தோற்றவர், ஜெயித்தவருக்குத் துணையாக மாநிலப் போட்டிக்குப் போக வேண்டும் என்பது நம் பெண்கள் அணிகளின் வழக்கமாகவே ஆகிவிட்டது. விளையாட்டு டீச்சருக்கு ஸ்டாஃப் ரூமில் நாற்காலி இருக்கும், பேச ஆள் இருக்காது. நமக்கோ ஊருக்கு ஊர் ஆள் கிடைத்தது. எலும்பு டாக்டர் வேண்டுமா, வேன் வேண்டுமா, ஹெச்.எம்.மை நினைத்து நாலு வார்த்தை திட்ட வேண்டுமா, ஒரு போன் போதும். என் மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "நீ அவியளப் பாரு, பிள்ளையள நான் பாக்கேன்" என்று பஸ் மாறி மாறி வந்து என் அணிக்கே பயிற்சி கொடுத்தாய். அதே பிள்ளைகள் பிறகு உன் அணியைத் தோற்கடித்தபோது நீ கைதட்டியதைப் பார்த்து எனக்கே எரிச்சல் வந்தது.

போன மழைக்காலத்தில் நீ எங்களையெல்லாம் விட்டுப் போய்ச்சேர்ந்துவிட்டாய். உன் இடத்துக்கு வேறு மாவட்டத்திலிருந்து ஒரு சார் மாற்றலாகி வந்தார். இந்த வருஷ இறுதியில் உன் பிள்ளைகள், இப்போது அவருடைய பிள்ளைகள், என் அணியைத் தோற்கடித்துவிட்டார்கள். வழக்கப்படி அவரிடம் போனேன்.

"சார், மாநிலப் போட்டிக்கு நானும் கூட வாரேன்."

"எதுக்கு டீச்சர்? எங்க பிள்ளைங்கள நாங்க பாத்துக்கிறோம்."

சுருக்கென்றது. என் கோபம்தான் உனக்குத் தெரியுமே. எப்படியோ போகட்டும் என்று பஸ் ஏறிவிட்டேன். ஆனால் ஒன்று மனசை அரித்துக்கொண்டே இருந்தது. இந்த ஒரு தடவை நான் போகாவிட்டால், அடுத்த வருஷம் யாரும் போகமாட்டார்கள். நீ உண்டாக்கியது உன்னோடேயே முடிந்துவிடும். அதை என்னால் தாங்க முடியவில்லை. நானே டிக்கெட் எடுத்துக்கொண்டு போய் வேடிக்கை பார்ப்பவர்களோடு உட்கார்ந்தேன்.

மாநில இறுதி ஆட்டத்தில் உன் பிள்ளைகளுக்கு முதல் செட் போய்விட்டது. இரண்டாவதும் நழுவிக்கொண்டிருந்தது. உன் அணியில் அந்த நெட்டைப் பெண் இருக்கிறாளே, அவள் பின்வாங்கும்போது இடது பக்கம் காலியாகிறது. எதிரணி எல்லா சர்வையும் அங்கேயே போட்டது. எழுந்து நின்று கத்தினேன். டைம் அவுட் எடுத்த சார், கம்பித் தடுப்புக்கு வந்தார்.

"டீச்சர், என்னதான் நடக்குது?"

"அவளுக்க எடது பக்கம் காலி சார். குட்டைப் பிள்ளைய ஒரு அடி பின்னால நிறுத்துங்க. நானும் மாவட்டத்துல அங்கதான் போடச் சொன்னேன்."

"அப்புறம் எப்படி நாங்க ஜெயிச்சோம்?"

"எனக்க பிள்ளையளுக்க சர்வு எல்லாம் வலையிலல்லா போய் விழுந்துது!"

அந்த மனுஷர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "போயிராதீங்க, அங்கேயே நில்லுங்க" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

நான் எங்கே போக? இரண்டாம் செட்டைப் பிடித்தோம். மூன்றாவதில் கடைசிப் பாயின்ட்டுக்கு அதே இடத்துக்குத்தான் பந்து வந்தது. குட்டைப் பெண் விழுந்து எடுத்தாள், நெட்டைப் பெண் எகிறி அடித்த அடி எதிரணிக் களத்தில் இடியாக இறங்கியது. மாநிலக் கோப்பை, மக்கா! முட்டத்துக்கு! புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் தடுப்பைத் தாண்டியதை உன் பிள்ளைகள் போனில் படமே எடுத்திருக்கிறார்கள். உனக்கும் சேர்த்துக் கத்தினேன், உனக்கும் சேர்த்து அழுதேன்.

சார் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அடுத்த வருஷம் மாவட்டத்துல நீங்க ஜெயிச்சா என்ன பண்ணணும் டீச்சர்?"

"நீங்க எனக்க பெஞ்சுல வந்து இருக்கணும்."

"கண்டிப்பா இருப்பேன். ஆனா சும்மா ஜெயிக்க விடமாட்டேன்."

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போனபோது எனக்குக் குரலே இல்லை. என் அணிப் பிள்ளைகள் சுற்றி நின்றுகொண்டார்கள். "நம்மளத் தோக்கடிச்ச டீமுக்கா டீச்சர் இப்பிடித் தொண்டையக் கெடுத்திய?"

"அதும் நம்ம டீமுதாம்ட்டீ" என்றேன். காற்றுதான் வந்தது.

அவர்கள் திருதிருவென்று விழித்தார்கள். உன்னிடமிருந்து நான் கற்றுக்கொண்டது இதைத்தான், இதை எப்படி வாயால் விளக்குவது? அடுத்த வருஷம் மாவட்டத்தில் நாங்கள் ஜெயிப்போம், மாநிலப் போட்டியில் எங்கள் பெஞ்சில் முட்டத்து சார் உட்கார்ந்துகொண்டு இவர்களுக்காகத் தொண்டை கிழியக் கத்துவார் பார், அன்றைக்குப் புரிந்துகொள்வார்கள்.