மதிலுக்கு வெளியே ஒரு சுற்று

கரமனை, திருவனந்தபுரம்
7.2.1999

அன்புள்ள சொர்ணத்துக்கு,

இங்கு எல்லோரும் நலம் என்று எழுதலாம். இருப்பது நான் ஒருத்திதான். உன் கடிதத்தில் தேதி இல்லை. நாகர்கோவிலில் காலண்டர் கிடைக்குமல்லவா?

டிசம்பரில் உன் ஊருக்கு வந்தபோது நேரில் கேட்கக் கூச்சப்பட்டதை இப்போது கேட்கிறேன். இடுப்பெலும்பு முறிந்து எழுந்தவள் நீ. கைத்தடியோடு சர்ச் படியில் ராணி மாதிரி ஏறினாய். எனக்கு எலும்பெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. நிற்கத்தான் வரவில்லை.

ரமணிக்கு இதய ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் தெருக்கோவிலில் அடிப்பிரதட்சணம் செய்வதாக வேண்டிக்கொண்டிருந்தேன். முன் பாதத்தின் குதிகால் பின் பாதத்தின் விரலைத் தொட, அடி அடியாக ஒரு முழுச் சுற்று. பிள்ளை பிழைத்துவிட்டான். நேற்றுத் தொடங்கினேன். பத்தடி போவதற்குள் உடம்பு சாய்ந்து சுவரைப் பிடித்துவிட்டேன். பூசை செய்யும் போத்தி, "சாரமில்லை மாமி, சுவரைப் பிடிச்சுண்டு நடந்தா மதி" என்றார். பரவாயில்லை, அது போதுமாம். பிடித்துக்கொண்டு நடப்பதாக நான் வேண்டிக்கொள்ளவில்லை.

ஏப்ரலில் ரமணி வருகிறான். அதற்குள் முடித்தாக வேண்டும். நீ எப்படி நடக்கிறாய்?

உன்
அனந்தலக்ஷ்மி


நாகர்கோவில்
15.2.1999 (தேதி போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்)

அருமை அனந்தம்,

நீ என்னிடம் ஒன்றைக் கேட்டுவிட்டாய் என்பதை நம்ப எனக்குச் சற்று நேரமாயிற்று. நாம் படித்த கான்வென்டில் தலையில் அகராதியை வைத்து நடக்கவிடும் மதர், "அனந்தலக்ஷ்மியைப் பாருங்கள்" என்று சொல்லித்தான் எங்களைத் திட்டுவார். அன்று உனக்கு அது தானாக வந்தது. இனித் தானாக வராது, அனந்தம்.

ஆஸ்பத்திரியில் எனக்குப் பயிற்சி கொடுத்த சபீனா விளக்கினாள். வயதானால் உள்ளங்கால் தரையின் சேதியை மெதுவாகத்தான் அனுப்புமாம். நாமோ பழைய வேகத்தில் காலைத் தூக்கிவிடுகிறோம். பாரம் இன்னும் அந்தக் காலில்தான் இருக்கும். "அம்மா, மொதல்ல வெயிட்ட அந்தப் பக்கம் அனுப்புங்க. அது போய்ச் சேந்த பொறவு காலத் தூக்குங்க" என்பாள்.

அடுக்களை மேடையைப் பிடித்துப் பழகு. வலப்பக்கம் முழுதாகச் சாய்ந்து, கொஞ்சம் பொறுத்து, அப்புறம் இடது காலைத் தூக்கு. குனிந்து பாதத்தைப் பார்க்காதே. கோவிலில் கை கொடுக்க ஓர் ஆளை வைத்துக்கொள். நீ கேட்க மாட்டாய். என் கடமை, எழுதிவிட்டேன்.

சொர்ணம்


கரமனை
10.3.1999

அன்புள்ள சொர்ணத்துக்கு,

சபீனா கெட்டிக்காரி. தினமும் மேடையருகே நின்று பாரத்தை இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்குமாக அனுப்பிக்கொண்டிருக்கிறேன். சாதாரணமாக நடக்கும்போது இப்போது பயமில்லை. இரண்டு பாதமும் ஒரே கோட்டில் வந்தால்தான் ஆட்டம். இதையெல்லாம் நீ எழுபதுக்கு மேல், வலியோடு, ஒருவரிடமும் முனகாமல் கற்றாய். ராணி மாதிரி என்று சுலபமாக எழுதிவிட்டேன். அந்த நடைக்கு நீ பட்ட பாடு இப்போதுதான் புரிகிறது.

கை கொடுக்கப் பக்கத்து வீட்டு மருமகள் தயாராக இருக்கிறாள். அவள் கையைப் பிடித்தால் சாயங்காலமே தெரு முழுக்க என் உடம்பைப் பற்றித்தான் பேச்சாக இருக்கும். உன் கை என்றால் பிடிப்பேன். ஆனால் கிறிஸ்தவர்களைக் கோவிலுக்குள் விடமாட்டார்கள். போத்தியிடம் கேட்டேன். "அகத்து பற்றில்லா மாமி, உள்ளே முடியாது" என்றார். கொஞ்சம் யோசித்து, "மதிலுக்கு வெளியே சுத்தினாலும் பிரதட்சணந்தானே?" என்றார்.

வருவாயா?

அனந்தலக்ஷ்மி


கரமனை
5.4.1999

அன்புள்ள சொர்ணத்துக்கு,

கால் வீக்கம் வற்றிவிட்டதா? அந்த வெயிலில் கோவில் மதிலைச் சுற்றி உன்னை நடக்கவைத்தது என் மனதை உறுத்துகிறது.

தெருவில் இன்னமும் உன் பேச்சுதான். வண்டியை ஓரங்கட்டிக் காத்திருந்த ஆட்டோக்காரர், "சாவகாசம் போயால் மதி, அம்மே" என்று அவசரப்படுத்தாமல் சொன்னாரே, அவர் நேற்றும் உன்னை விசாரித்தார். "மாமி, கூட யாரு?" என்று ஜன்னலில் நின்று கேட்டவளுக்கு, "எனக்குக் கம்பு இது, ஒங்க மாமிக்குக் கம்பு நான்" என்றாய். அவள் அதை எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறாள். எனக்கும் கோபம் வரவில்லை.

ஒன்றை நீ கவனித்தாயோ என்னவோ. வடக்கு மூலையில் கல் தடுக்கி என் பக்கம் சாய்ந்தாய். உன் பாரம் முழுவதும் என் தோளுக்கு வந்தது. பாதம் இரண்டும் ஒரே கோட்டில் இருந்தன. மதில் கைக்கெட்டவில்லை, பிடிக்க உன் கையுமில்லை. நான் நின்றேன், சொர்ணம். நீ தடியை ஊன்றி நிமிரும்வரை அசையாமல் நின்றேன். "சரி, வாடி" என்று நீ மறுபடி கையை நீட்டினாய். பிடித்துக்கொண்டேன்.

ரமணி வந்துவிட்டான். "தனியாவா பண்ணினே, அம்மா?" என்று கேட்டான்.

"இல்லை, சொர்ணத்தைப் பிடிச்சுண்டு" என்றேன்.

சொல்வதற்கு நான் பயந்த அளவு கஷ்டமாக இல்லை.

என்றும் உன்
அனந்தம்