உன் தொடைக்கு நான் பூசிய வெள்ளை

அன்புள்ள அமுதா,

பீரோ சாவி எங்கே என்று இன்னும் உன்னைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்டுவிட்டு ஒரு நிமிஷம் நின்று வேறு பார்க்கிறேன். பத்தாவதும் ஐ.டி.ஐ.யும் படித்தவனுக்கு அவ்வளவுதான் புத்தி என்று நீ சிரிப்பாய். சிரி. ஆனால் இந்தக் கடிதம் சாவிக்காக இல்லை.

அன்றைக்குக் காலையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நீ வழுக்கி விழுந்தாயா, இல்லை கால் விட்டுப்போய் விழுந்தாயா?

பார்த்தவர் யாருமில்லை. நான் முதல் ஷிப்டுக்குப் போய்விட்டேன். நம் மீனா கம்பெனி பஸ் ஏறிவிட்டாள். பின்மண்டையில் அடி. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்தாய், கண்ணைத் திறக்கவே இல்லை. அங்கேயும் இதையேதான் கேட்டேன், காதில் விழுந்ததோ என்னவோ.

உன் இடுப்பு மூட்டை மாற்றியபோது நான் அடித்த கூத்து நினைவிருக்கிறதா? ஆஸ்பத்திரி ஃபைலில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தால், செயற்கை மூட்டு செய்கிற எங்கள் ஒரகடம் கம்பெனி லாட் நம்பர், நான் நின்ற மிஷின். உன் தொடையெலும்புக்குள் இறக்கிய ஒரு சாண் டைட்டானியத் தண்டின்மேல், வெள்ளை மாவை நெருப்பில் உருக்கித் தெளித்தவன் நான்தான். அந்த மாவும் எலும்பில் இருக்கிற சத்தும் ஒன்றே. அதனால் எலும்பு அதைத் தன் சொந்தம் என்று நினைத்துப் பற்றி வளரும் என்று டிரெயினிங்கில் சொன்னார்கள். எனக்குப் புரிந்த ஒரே பாடம் அது.

“சம்சாரத்துக்கு ஒரு கம்மல் போட வக்கில்ல, தொடையெலும்பே போட்டுட்டேன்” என்று சுங்குவார்சத்திரம் டீக்கடையில் எல்லோருக்கும் டீ சொன்னேன். கூட வேலை பார்க்கிற தூத்துக்குடி முருகன், “அண்ணாச்சி, மதினிக்கு வாரண்டி கார்டு குடுத்தீயளா?” என்றான்.

எட்டு மாதம் நன்றாகத்தான் நடந்தாய். அப்புறம் ஆரம்பித்தாய்.

“மீனாப்பா, தொட உள்ள சுருக்கு சுருக்குனு குத்துது. உன் கம்பி ஆடுது போல கீதுய்யா.”

“எங்க பூச்சு ஆடாது. இழுத்துப் பாக்குற டெஸ்டு மிஷின்லயே புடிய வுடல. நீ நடக்காம குந்திக்கினே கீற, அதான்.”

“ஆமா, மிஷினுக்கு வலிச்சா வாயத் தொறந்து சொல்லுமா?”

அதை லைனில் போய் ஜோக்காகச் சொன்னேன், அமுதா. எல்லோரும் சிரித்தார்கள். செக்கப்புக்கு அடுத்த மாதம் போகலாம் என்று மூன்று மாதமாகச் சொன்னேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. மணல் அடித்துச் சொரசொரப்பாக்கிய தண்டை வெறும் விரலால் தொடக்கூடாது. விரலில் இருக்கிற எண்ணெய்ப் பசை பட்டால் போதும், அந்த இடத்தில் பூச்சு பின்னால் உரிந்து வரலாம். ஒருநாள் என் கையுறையில் கட்டைவிரல் கிழிந்தது. தட்டில் நாலு தண்டுதானே மிச்சம் என்று மாற்றாமலே முடித்தேன். அது எந்த லாட் என்று எனக்கு ஞாபகமில்லை. உன் லாட் சோதனையில் பாஸ்தான். ஆனால் இழுத்துப் பார்ப்பது கூடவே பூசுகிற ஒரு சின்ன வில்லையை. உனக்குள் போன தண்டை யாரும் இழுத்துப் பார்க்கவில்லை.

பால் தெளிக்கப் போன அன்று, சுடுகாட்டில் சாம்பல் கிளறிக்கொண்டிருந்த மாரி அதை எடுத்து நீட்டினான்.

“அண்ணே, இது உங்க வூட்டம்மா கால்ல இருந்ததா? இம்மா நெருப்புலயும் ஒன்னும் ஆவலியே. எடுத்துக்கினு போறியா?”

தண்டு நீலம் பாய்ந்திருந்தது. அதன்மேல் அங்கங்கே வெள்ளை. அது உன் எலும்பு என்றால் பிடித்து வளர்ந்திருக்கிறது, நீ வெறுமனே வழுக்கித்தான் விழுந்தாய். வெறும் பூச்சு என்றால் தண்டு ஆடியிருக்கிறது. நீ சொன்னது நிஜம். வாழ்க்கையில் முதல்முறையாகக் கையுறை இல்லாமல் அதைத் தடவினேன். வெள்ளை கட்டைவிரலில் பொடியாக ஒட்டிக்கொண்டது.

மற்றதையெல்லாம் மாமல்லபுரத்தில் கரைத்தோம். பாலாற்றில்தான் காலை நனைக்கக்கூடத் தண்ணீர் இல்லையே. தண்டை மட்டும் கைக்குட்டையில் சுற்றி, எங்கள் லேபில் இருக்கிற பெண்ணிடம் கொண்டுபோனேன். அவள் மைக்ராஸ்கோப்பில் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

“அண்ணா, தீயில வெந்துட்டா பூச்சும் எலும்பும் ஒரே மாதிரி வெள்ளப் பொடிதான். ஒட்டியிருந்துச்சா இல்லையான்னு இனிமே சொல்ல முடியாதுண்ணா.”

இரண்டும் ஒன்று என்றுதானே டிரெயினிங்கில் படித்தேன்? அதனாலேயே தண்டு கடைசியில் வாயை மூடிக்கொண்டது.

தண்டு இப்போது பீரோவுக்கு மேலே இருக்கிறது. உள்ளே வைக்கலாம் என்றால், சாவி.

போன வாரம் மீனா செல்போன் கம்பெனி லைனிலிருந்து வந்து, “அப்பா, மணிக்கட்டு வலிக்குதுப்பா” என்றாள். “அதெல்லாம் ஒன்னுமில்ல” என்று பாதி சொல்லிவிட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். உன் கண் அவளுக்கு. மறுநாள் லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு போனேன். கைக்கு ஓய்வு கொடு, வேறு வேலை பார் என்றார் டாக்டர். வேறு வேலைக்கு எங்கே போவாள்? மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டு அதே லைனில்தான் நிற்கிறாள். நானும் அதே மிஷினில்தான் நிற்கிறேன். தண்டுகள் வந்துகொண்டே இருக்கின்றன, யார் யார் தொடைக்கோ.

நல்லபடியாகப் பூசுவேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்கப் போவதில்லை. அதை நான் அப்போதும் சொன்னவன்தான். இனி யார் வலிக்கிறது என்று சொன்னாலும், மிஷினைச் சாட்சிக்குக் கூப்பிடாமல் பக்கத்தில் உட்கார்ந்து எங்கே வலிக்கிறது என்று கேட்பேன். என்னால் முடிந்த வாக்கு இது ஒன்றுதான். உனக்கு உதவாத வாக்கு.

நீ கூப்பிட்ட பேரிலேயே,
மீனாப்பா