திறந்தே கிடந்த வால்வு

ஜூன் 6

தெருச் சங்கக் கூட்டத்தில் இன்று என் தம்பிக்குக் கைதட்டல். எங்கள் பின்சுவருக்கு அப்பால் பெட்ரோல் தொட்டிகள் நிற்கும் வளாகம். அங்குள்ளவர்களிடம் பேசிக் கொசுவை ஒழித்துவிட்டானாம். பணி ஓய்வுக்குப் பின் வீட்டில் எவரும் தன் சொல்லைக் கேட்பதில்லை என்று கண்டு தெருவுக்குத் தலைவரானவன். இது முதல் வெற்றி. எதிர்வீட்டுத் தையற்காரர், “தலைவர்னா இவர்தான்யா தலைவர்!” என்று முழங்கினார்.

எப்படி ஒழித்தாய் என்று கேட்டேன். “பேசற விதத்துல பேசினா எல்லாம் நடக்கும்க்கா.”

பேசினால் கொசு சாகுமென்றால் இந்த வீட்டில் என்றோ ஒன்றும் மிஞ்சியிருக்காது.

ஜூன் 9

விளங்கிவிட்டது. தொட்டிகளைச் சுற்றி மார்பளவு சுவர் ஒன்று உண்டு. தொட்டி கசிந்தாலோ வழிந்தாலோ பெட்ரோல் அதற்குள்ளேயே தேங்கி நிற்பதற்காகக் கட்டியது. உள்ளே சேரும் மழைநீரை வடிக்க அடியில் ஒரு வால்வு; வடித்ததும் மூடிவிட வேண்டும். மூடினால் அடுத்த மழைக்கு மீண்டும் தண்ணீர் தேங்கும், கொசு வரும். ஆகவே அதைத் திறந்தே வைக்கச் சொல்லியிருக்கிறான் என் தம்பி. அவர்களும் வைத்திருக்கிறார்கள். வடிகால் நேராக எங்கள் தெருச் சாக்கடையில் சேர்கிறது.

“பெட்ரோல் தேங்கணும்னுதான்டா அந்தச் சுவரே இருக்கு!”

“இத்தனை வருஷத்துல ஒரு சொட்டு வழிஞ்சிருக்கா?”

“வழிஞ்சா நம்ம வாசல்ல ஓடும்.”

அடுக்களையிலிருந்து அவன் மனைவி: “அவருக்கு நாலு பேர் கைதட்டினா அவர் அக்காவுக்குப் பொறுக்காது.”

வேதியியல் போதித்து முடி நரைத்தவள் நான். இவளுக்குப் போதிப்பதைவிடத் தொட்டிக்குப் போதிக்கலாம்.

ஜூன் 10

வளாகத்துக்குப் போனேன். மேற்பார்வையாளர் நாற்காலி போட்டார், குளிர்ந்த நீர் தந்தார், வால்வை மட்டும் மூடமாட்டேன் என்றார்.

“நாங்க மூடித்தான் வெச்சிருந்தோம் மேடம். உங்க தம்பிதான் வந்து உட்கார்ந்து கேட்டாரு.”

“அவன் கேட்டா நீங்க திறந்துடுவீங்களா?”

“அக்கம்பக்கத்துல மனஸ்தாபம் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு. தலைவர் ஒரு வார்த்தை சொல்லட்டும், இன்னிக்கே மூடிடறேன்.”

ஒரு வார்த்தை. இத்தனை வீடுகளுக்கும் அதுதான் விலை.

ஜூன் 11

“நானே திறக்கச் சொல்லிட்டு நானே மூடச் சொன்னா தெருவுல எவன்க்கா என்னை மதிப்பான்?”

“இப்ப எவன் மதிக்கிறான்?”

அவன் முகம் சுருங்கிப் போயிற்று. அதை நான் சொல்லாதிருந்தால் ஒருவேளை இரண்டு நாளில் இறங்கி வந்திருப்பான். ஆனால் வாக்கியம் நன்றாக அமைந்திருந்தது. விட மனம் வரவில்லை.

ஜூன் 15

நல்ல மழை. கொசு இல்லை. தையற்காரர் மாடியிலிருந்து, “என்ன டீச்சரம்மா, இன்னும் வெடிக்கலையா?” என்றார்.

ஜூன் 22

இன்றே எழுதிவிட வேண்டும்.

காலையில் தொட்டியை நிரப்பும்போது அளவு பாராமல் விட்டிருக்கிறார்கள். வழிந்தது. தேங்க வேண்டியது தேங்காமல் வால்வு வழியே எங்கள் சாக்கடைக்கு வந்துவிட்டது. நெடி தாங்காமல் கதவைத் திறந்தால் தெருவே சாக்கடையோரம் குந்தியிருக்கிறது. வாளி, கேன், குளியலறைக் குவளை. மூடிக் கற்களைப் பெயர்த்துவிட்டு மொண்டுகொண்டிருக்கிறார்கள்.

என் தம்பி? அவர்களை விரட்டவில்லை. வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தான்.

“தள்ளாதீங்க! எல்லாருக்கும் கிடைக்கும்! வீட்டுக்கு ஒரு கேன்!”

“டேய், ஓடுடா! எல்லாரையும் விரட்டிட்டு ஓடுடா!”

வரிசையில் முதல் ஆளாக நின்ற தையற்காரர், “டீச்சரம்மாவுக்கும் ஒரு கேன் எடுத்து வைங்கப்பா, கோபம் தணியட்டும்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான்.

உள்ளே ஓடி அடுப்பை அணைத்தேன். அவன் மனைவியைத் தலைமயிரைப் பற்றிப் பின்கட்டுக்கு இழுத்துப் போனேன், திட்டிக்கொண்டே வந்தாள். அப்போது, கேன் நிரம்பிய எவனோ வீட்டுக்குக் கொண்டு போக ஸ்கூட்டரைக் கிளப்பினான்.

ஜூன் 24

தையற்காரர் போய்விட்டார். வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றவர்களும். தம்பிக்கு இரண்டு கைகளும் முகத்தில் ஒரு பாதியும் வெந்துபோயின.

சொன்னேனேடா. படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. கேட்டியா? கேட்டியாடா நீ?

ஜூலை 8

மருத்துவமனைக்கு விசாரணை அதிகாரி வந்தார். குடியிருப்பவர்கள் கேட்டதால்தான் திறந்தோம் என்று வளாகத்தார் சொல்லியிருக்கிறார்கள். முகத்தில் போட்டிருந்த கட்டுக்குள்ளிருந்து தம்பி, “நாங்க யாரும் கேட்கல சார். அவங்களாத்தான் திறந்தாங்க” என்றான்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். தம்பி மனைவி என் மணிக்கட்டை நசுக்கினாள். வாசலில் தையற்காரரின் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

“இவன் கேட்டான். கேட்டது இவன் குற்றம்; கேட்டதற்காகத் திறந்தது அவர்கள் குற்றம். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்” என்றேன்.

“கூடப் பொறந்தவளா நீங்க?” என்றாள் தம்பி மனைவி.

வாசலில் அந்தப் பெண் நின்றதால் சொன்னேனா? சொல்வதற்கு வாய்ப்பு கிடைத்ததால் சொன்னேனா? இந்த வயதில் இதைக்கூட என்னால் பிரித்தறிய முடியவில்லை.

ஜூலை 19

வால்வை மூடிவிட்டார்கள். அடுத்த வீட்டில் கொசுவைப் பற்றி முணுமுணுப்பு தொடங்கியாயிற்று.

ஜூலை 30

தம்பி வீடு வந்து நாலு நாள். தெருவில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. மனைவி ஊட்டினால்தான் விழுங்குகிறான். என் கை வந்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறான்.

இன்று அவள் மருந்து வாங்கப் போயிருந்தாள். பாலும் கரண்டியுமாக உட்கார்ந்தேன். வாயைத் திறந்தான். பாலுக்குத்தான் என்று நினைத்துவிட்டேன்.

“இப்பத் திருப்தியாக்கா?”

“பால் ஆறுது” என்றேன்.

உதட்டை மூடிக்கொண்டான். கரண்டியை நீட்டியபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு, ஏடு படிந்த பாலை நானே குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தேன்.